ஒன்றரை வரி

மித்திலினி அரசு மருத்துவமனை,
கீழ்த்தளம், பதிவேட்டு அறை.
இரவுப் பணியில்தான் படிக்கிறேன்:
அஞ்சல்வழிக் கல்வி, மூன்றாம் ஆண்டு,
பண்டைக் காவியங்கள், கட்டாயத் தாள்.

இந்தப் பருவத்துக் கேள்வி:
‘தலைவனின் சினம் கதையை எவ்வாறு நடத்துகிறது?
தக்க சான்றுகளுடன் விளக்குக.’

சினத்தைத்தான் தேடிப் போனேன்.
வழியில் கிடந்தவர்கள் காலில் தட்டினார்கள்.

ஈட்டி
இடது விலாவில், நான்காம் எலும்பின் கீழ் நுழைந்து
முதுகில் எங்கே வெளிவந்தது என்பதுவரை இருக்கிறது.
எங்கள் டாக்டர் வசிலகாகிஸின் அறிக்கைகூட
இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.
அவர் கையெழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விழுந்தவன் யார் என்றும் சொல்லிவிடுகிறது பாட்டு.
தேனீ வளர்ப்பவரின் இளைய மகன்.
மணமாகிப் பதினொரு நாள்.
அவன் ஊரில் மாதுளை நன்றாகக் காய்க்கும்.
ஒன்றரை வரி.
பிறகு அவன்மேல் சக்கரம் ஏறிக் கதை நகர்கிறது.

என் படிவத்திலும் அதே கட்டங்கள்தான்:
பெயர். தந்தை பெயர். பிறந்த ஊர். இறப்பின் காரணம்.
நான்காவது எளிது. நீர்.
மற்ற மூன்றிலும் குறுக்கே கோடு போடக்
கற்றுக்கொடுத்தார்கள்,
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்.
ஸ்கேல் வைத்துப் போட வேண்டும்.

எதிரியின் மகனுக்கும் அப்பன் பெயர் உண்டு
அந்தப் பாட்டுகளில்.
ரோமானியர் பாடியதில்
கொன்றவன் ஒரு நொடி நின்று
செத்தவன் வயதைக் கணக்குப் போடுகிறான்.
போட்டுவிட்டு
அடுத்தவனைக் கொல்லப் போகிறான். அது வேறு.

ஆளுக்கோர் அட்டை எழுதினேன்.
கிரேக்கத்துக்கு வெள்ளை, ரோமுக்கு மஞ்சள்.
இருநூற்றுப் பதினேழில் ரப்பர் பேண்ட் அறுந்தது.
‘வீட்டிலுமா பிணம்?’ என்றான் என் கணவன் ஸ்த்ராதிஸ்.
அட்டைகளை ரொட்டிக் கூடைக்குள் ஒதுக்கி
இரண்டு தட்டு வைத்தேன்.
மத்தி வறுத்திருந்தான்.
நன்றாகத்தான் இருந்தது.
எந்தக் கடல் மீன் என்று நான் கேட்பதில்லை,
அவனும் சொல்வதில்லை.

நவம்பரில் ஒரு போன், ஹெராத்திலிருந்து.
நடுவே மொழிபெயர்ப்பாளர்,
நடுநடுவே தொடர்பு அறுந்த இரைச்சல்.
அந்த அப்பா முதலில் மகனைப் பற்றிக் கேட்கவில்லை.
என் பெயரைக் கேட்டார்.
பிறகு என் தந்தை பெயரை.
எவான்தியா,
குழாய் பழுதுபார்த்த பனாயோத்திஸின் மகள்,
ஊர் பிளோமாரி என்றேன்.
சொல்லி முடிக்க மூச்சு ஒன்றுகூட ஆகவில்லை.

பிறகுதான் சொன்னார்:
இடது புருவத்தில் தழும்பு.
ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது.
பச்சை சைக்கிள்.
தர்பூசணியைத் தட்டிப் பார்த்தே
பழுத்ததா இல்லையா என்று சொல்வான்.

தழும்புக்குப் படிவத்தில் இடமுண்டு.
ஆனால் அந்த வாரம் வந்தவர்களில்
அதே வயதில் மூன்று பேர்.
மூவர் முகத்தையும்
உப்பு முன்பே வாங்கிக்கொண்டிருந்தது.

மூன்று படிவத்தின் ஓரத்திலும் எழுதினேன், பென்சிலால்:
பச்சை சைக்கிள். தர்பூசணி.
டாக்டர் பார்த்தார்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.

விடைத்தாளில் சினத்துக்கு இரண்டு பக்கம்;
மீதியெல்லாம் தேனீக்காரர் மகனுக்கு.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
‘நடை நன்று. கேட்டதற்கு விடை இல்லை.
இவர்கள் கதைமாந்தர் அல்லர், பின்னணி.’
பத்துக்கு ஐந்து. தேர்ச்சி.

ஹெராத்தின் எச்சில் மாதிரி
ஒன்பது வாரமாக எங்கோ சுங்கத்தில் நிற்கிறதாம்.
தலைவனின் சினம் தணிந்ததா, தெரியாது.
கடைசிப் பாகத்தை இன்னும் திறக்கவில்லை.
அலமாரியில், அடுத்தடுத்து,
மூன்று பச்சை சைக்கிள்.