தொடர் வருகை

ஒரே நோட்டுதான்.
முன்பக்கமிருந்து டஜன் கணக்கு,
பின்பக்கமிருந்து பச்சைக்கல் கணக்கு.
இரண்டும் முட்டிக்கொள்ள
இன்னும் பதினாறு தாள் பாக்கி.

பதினைந்து வேலம்பாளையம், இரண்டாவது மாடி,
ஜன்னலிலிருந்து மூன்றாவது ஓவர்லாக் என்னுடையது.
ஒன்றரை ஷிப்ட். டீ மணியடித்தால் பத்து நிமிஷம்,
பாதியில் டீ, பாதியில் ஆட்டம்.
விளம்பரம் முப்பது விநாடி ஓடினால் மூன்று கல்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் மூன்றுதான்.
அந்த ஒரு விஷயத்தில் எங்கள் சூப்பர்வைசரைவிடத் தேவலை.

பச்சைக்கல் என்பதால்தான் முதலில் பிடித்தது.
படியூரில் மழை விட்ட மறுநாள்
காட்டில் பொறுக்கினால் வியாபாரி எடைக்கு எடுப்பான்.
அங்கேயும் எடைக்கல் அவனுடையதுதான்.

நாளைக்கு அறுபது.
வந்து தலையைக் காட்டினால் பாதி, மீதி ஆடினால்.
அதற்குமேல் விடிய விடிய வெட்டினாலும் கொட்டாது.

எங்கள் அணி நொய்யல் நரிகள். முப்பது பேர்.
அவிநாசியில் செல்போன் கடை வைத்த நவநீதன் தலைவர்,
சாயப்பட்டறை ஆட்கள் இருவர்,
பெருந்துறையில் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ்,
அப்புறம் ரித்விக், ஒன்பதாவது படிக்கிறான்,
காங்கேயத்துத் தேங்காய்ப்பருப்பு மண்டிக்காரர் மகன்.
அவன் ஒரு தடவை விரல் வைத்தால் ஆறாயிரம் கல்.
எனக்கு அது நூறு நாள்.
கோபமில்லை. மண்டி அவங்கப்பாவுடையது, விரல் அவனுடையது.
நூறாம் நாள் நானும் அங்கே இருப்பேன்
என்று நோட்டில் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்தது:
ஆட்டத்தைச் சமன் செய்திருக்கிறோம், ஆதரவுக்கு நன்றி.
அறுபது நாற்பதாயிற்று.
வகுத்துப் பார்த்தேன். நூற்றைம்பது நாள்.
நான் போட்ட இடத்தில்தான் கிடக்கிறேன்,
ஊர்தான் ஐம்பது நாள் தள்ளிப் போய்விட்டது.

இந்த நன்றியை எங்கேயோ கேட்டிருக்கிறேனே.
போன ஆடியில், டஜனுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்தபோது.
"ஆர்டரு டைட்டுங்க, அட்ஜஸ் பண்ணிக்கோங்க,
ரொம்ப நன்றிங்க" என்றார் கான்ட்ராக்டர் அர்த்தநாரி.
மெஷினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினோம்.
பதினோரு நாள் கேட்டுக்கு வெளியே.
பன்னிரண்டாம் நாள் முக்கால் ரூபாய் திரும்பி வந்தது.
முக்கால்தான். ஆனால் அதைக் கொடுத்தவருக்கு
ஒரு முகம் இருந்தது, அது வேர்த்திருந்தது.

அதனால் குழுவில் போட்டேன்:
ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் உள்ள போகக்கூடாது.
வெறுங்கோட்டையை வெச்சு அவங்களே ஆடட்டும்.
கட்டைவிரல்கள் வரிசையாக எழுந்தன.
"நானும் வரமாட்டனுங்க்கா" என்றான் ரித்விக்.
எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

ஞாயிறு. கறி எடுத்தேன். துணி அலசினேன்.
போனை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.
சாயங்காலம் எடுத்து மணி மட்டும் பார்த்தேன்.
மணி பார்க்கச் சுவரில் கடிகாரம் இருக்கிறது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அந்த எண்
இருட்டில் எழுந்து உட்கார்ந்தது.
இருநூற்றுப் பதினொன்று.
அம்மை போட்டுக் கிடந்த நாளிலும் விடாத வருகை.
அறுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.
ஆட வேண்டாம், தலையை மட்டும் காட்டிவிட்டு வரலாம்.

சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.
என்னோடு சேர்த்து
இருபத்தொன்பது பச்சைப் புள்ளிகள்.
தலைவர்தான் மேலே முதலாவதாக.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
மண்டப வாசலில் செருப்புத் தேடுகிறவர்கள் மாதிரி
குனிந்தபடியே நின்றோம்.

ஒரு புள்ளி மட்டும் சாம்பல் நிறம்.
பையன் தூங்கிவிட்டானோ,
போனை வாங்கி வைத்துவிட்டார்களோ,
ஒரு விரலில் ஆறாயிரம் வருகிறவனுக்கு
ஒரு நாள் போனால் என்ன என்று இருந்தானோ,
இல்லை, சொன்ன சொல்
அவனுக்கு மட்டும் சொல்லாகவே இருந்ததோ.
கேட்கவில்லை. கேட்டால்
எனக்கு எப்படித் தெரியும் என்பான்.

இருபது கல் சலசலவென்று கொட்டியது.
அன்றைக்கு எழுதவில்லை.
திங்கட்கிழமை டீ மணியில் ஞாயிறு என்று தேதி போட்டு
இருபது என்று எழுதினேன்,
கை தவறி, டஜன் பக்கத்தில்.

கைமடிக்கும் பிருந்தா எட்டிப் பார்த்தாள்.
"ஏனுங்க்கா, நேத்து லீவுதானுங்களே?
இந்த இருபது ஏதுங்க?"