உள்வரவு எண் 213

மூடுபனியில் பசை இளகி
உறைகள் தாமாகவே வாய் திறந்திருக்கின்றன.
கொடைக்கானல் நவம்பரில்
விண்ணப்பம் பிரிக்கக் கத்தரிக்கோல் வேண்டாம்.

இளநிலை உதவியாளர். ஒரே ஒரு பணியிடம்.
கெடு நேற்று மாலை ஐந்து மணி.
வத்தலக்குண்டு பஸ் மண்சரிவில் நின்றதால்
முக்கால் மணி நேரம்
ஜன்னலைச் சாத்தாமல் இருந்தேன்.
பதிவாளருக்குத் தெரியாது.

கேட்டது பட்டப்படிப்பும் தட்டச்சும்.
எம்.ஃபில் முடித்தவர்களே பதினெட்டுப் பேர்.
மன்னவனூர் ஆரோக்கியமேரியின் நகல்களில்
மலைப்பூண்டு வாசம்.
ஒருவர் வரைவோலைக்குப் பதிலாக
ஐந்நூறு ரூபாய்த் தாளைக் குண்டூசியில் குத்தி
'தயவுசெய்து' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

முத்திரை, எண், சுருக்கொப்பம்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை
கை தடுமாறவில்லை.

அடுத்த உறையில் என் கையெழுத்து.
முன் அனுபவம்: இதே பிரிவு, இதே மேசை,
ஒன்பது ஆண்டு, தொகுப்பூதியம்.
எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை
ஒரு நாள் இல்லாமல் போய்
மறுநாள் புதிதாய்ச் சேர்கிறவள்.
அந்த ஒற்றை நாள்களைக் கூட்டினால் முப்பத்தாறு.
எல்லா நாளும் துணி துவைத்தேன்.
பாதி காயவில்லை.

அனுபவச் சான்றைத் தட்டச்சு செய்ததும் நானே.
'நன்று' என்பதற்கு முன்னால்
'மிக' போடலாமா என்று
ஒரு டீ ஆறும்வரை யோசித்தேன்.
போடவில்லை.

ஈர முத்திரையை ஊதுகிறேன். 213.
விண்ணப்பம் கிடைத்ததென்று
ஒப்புகை அட்டை அனுப்ப வேண்டும்.
பெயர் எழுதி, பெருமாள்மலை என்று எழுதி
தபால் பையில் போடுகிறேன்.
புதன்கிழமை போய்ச் சேரும்.

புதன் எனக்கு இல்லாத நாள்.
தபால்காரர் கதவு தட்டும்போது
வீட்டில்தான் இருப்பேன்.