வார்னிஷுக்கு முன்

கடலூர் முதுநகர், துறைமுகத்துக்கு எதிரே
ஐஸ் பிளான்ட் மாடியில் அறை தந்தார்கள்.
வடக்கு ஜன்னல் வேண்டும் என்றேன்.
வடக்கேதான் ஐஸ் உடைக்கும் எந்திரம்.
வெளிச்சமும் சத்தமும்
ஒரே பக்கமிருந்து வந்தன.

மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் முதல் தலைவி
அஞ்சலாட்சி நாற்காலியில் அமர்ந்தார்.
போட்டோ வெளுத்துப்போகும், பெயின்ட்டில் எழுது
என்பது தீர்மானம்.
தவணை மூன்று.
முதல் தவணையோடு ஒரு கிலோ சங்கரா.

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில்
இரண்டு டிக்கெட் எடுத்து வந்தது சட்டம்.
அதில் இழுத்துக் கட்டிய துணிக்கு
மூன்று பூச்சு ஜெஸோ, நடுநடுவே உப்புத்தாள்.
(இந்த ஊர்க் காற்றே பாதி தேய்த்துவிடுகிறது.)
வெள்ளையில் நேராக முகம் தொடங்கக் கூடாது.
கருங்காவியை டர்பன்டைனில் கரைத்துப் பூசி
கந்தலால் துடைத்தேன்.
துடைத்த இடத்தில் நெற்றி.
துடைத்த இடத்தில் கன்னத்தெலும்பு.
துடைக்காமல் விட்டது கூந்தல்.

கறுப்பு டியூபை நான் திறக்கவில்லை.
இந்தத் தோலில் கறுப்பு எங்கே இருக்கிறது?
சுட்ட காவி, அல்ட்ராமரின்,
தாடைக்கடியில் கொஞ்சம் பச்சை.
மூக்கின் மேட்டில்
ஜன்னல் வழியே விழுந்த வானம்
சில்லென்று ஒரு நீலம்.

மெலிந்ததன் மேல்தான் கொழுத்தது ஏற வேண்டும்,
அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல்,
மாற்றினால் பத்து வருஷத்தில் முகம் வெடிக்கும் என்றேன்.
"கூடையில வஞ்சிரம் அடியில, காரப்பொடி மேல.
மாத்தி அடுக்கினா பொடி கூழாயிடும்.
இத சொல்லவா இவ்ளோ நேரம்?"

ஒன்பதாம் நாள் எழுந்து வந்து
கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
"இது ரெண்டு நாள் ஐஸ்ல கெடந்த கண்ணு."

முப்பது வருஷம் விடியலுக்கு முன்னால்
கண்ணைப் பார்த்தே விலை கேட்டவர்.
"உசுரு இருந்தா உப்பியிருக்கும் பொண்ணே,
தட்டையாப் போனா ஒருத்தியும் வாங்க மாட்டா."
கத்தியால் சுரண்டினேன், இரண்டு கண்ணும் போயின.
குழியில் உருண்டையாக உட்கார்த்தி
கண்வெள்ளையில் சாம்பல் கலந்து
மேலிமையின் நிழலை அதன்மேல் இறக்கி
ஓரமாய், மிக ஓரமாய்
நொய்யரிசியில் பாதி அளவு வெள்ளை.
"ம்" என்றார்.
ஏலத்தில் விலை படியும்போது சொல்கிற "ம்".

ஆளிவிதை எண்ணெய் உலர்வதில்லை,
காற்றைக் குடித்துக் குடித்து இறுகுகிறது.
கடலோரத்தில் அதற்கும் அவசரமில்லை.
சங்கத்துக்கு இருந்தது: மாசி மகத்துக்குத் திறப்பு.
வார்னிஷ் ஆறு மாதம் கழித்து,
அதுவரை விரல் படக் கூடாது என்றேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆவணியில் டாமர் பாட்டிலோடு போனால்
நெற்றியில் குங்குமம்.
தலைவி புதுச்சேரியில் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த வாரம்
புதிதாய்ச் சேர்ந்த கணக்குப் பையன்,
சுவரில் பெரிய படம் என்றால் என்ன அர்த்தம் என்று
நன்றாகத் தெரிந்தவன்,
மாலை போட்டுப் பொட்டும் வைத்துவிட்டான்.
மாலையைத் திரும்பி வந்த அன்றே கழற்றி எறிந்தாராம்.
குங்குமம் இளகின எண்ணெயில் இறங்கி
படலத்தோடு படலமாய் இறுகிவிட்டது.

பதினேழு வருஷமாய் வெறும் நெற்றி.
அந்த வெறுமைக்கு மட்டும்
நான் இரண்டு நாள் காவி கலந்திருந்தேன்.

பஞ்சில் டர்பன்டைன் நனைத்தேன்.
தொட்டால் புருவமும் சேர்ந்து வரும்.
கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அஞ்சலாட்சி
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"செத்துட்டான்னு நெனச்சாத்தான் வைக்கிறானுங்க.
இருக்கட்டும் வுடு."

படத்தை மேசையில் படுக்க வைத்து
அகலத் தூரிகையால் இடமிருந்து வலம்
ஈரம் தேங்காமல் இழுத்தேன்.
மங்கியிருந்த கூந்தல் ஆழமானது.
நெற்றியைக் கடக்கையில் தூரிகையின் நுனி
லேசாகச் சிவந்தது.
துடைக்காமல் அடுத்த வரிக்குப் போனேன்.

மூன்றாம் தவணையில் அறுபது ரூபாய் குறைவு.
செலவுச் சீட்டில் எழுதியிருந்தது: மாலை.