ரொட்டிக்கு முன்னால் ஒரு சொல்

மொரிஜாவில் ஜூலை. மலைமேல் பனி.
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஏழு நாற்காலி,
ஒரு சொல்.

பதினோரு நாளாக அதே சொல்.
ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபத்தில்
ரொட்டிக்கு முன்னால் நிற்கும் கிரேக்கச் சொல்.
இரண்டு சுவிசேஷத்தில் வருகிறது,
அப்புறம் எங்கும் தலைகாட்டுவதில்லை.
ஊரில் உறவே இல்லாத ஆளைப் பற்றி
யாரிடம் போய் விசாரிப்பது?

"நாளுக்கான படி" என்றார் பாஸ்டர் லெபுசா.
"நாளைக்கான" என்றாள் கணக்கு டீச்சர் மாசெச்சாபா.
"பிழைக்கப் போதுமான" என்று
மசேருவிலிருந்து போனில் ஒரு குரல்.
நான் குறிப்பெழுதுகிறவள்.
மூன்றையும் எழுதி
ஒன்றையும் அடிக்கவில்லை.

பாஸ்டரிடம் ஒரு துருப்பு இருந்தது:
எகிப்து மணலில் கிடைத்த வீட்டுக் கணக்கு.
கிழிந்த பாப்பிரஸில்,
கொண்டைக்கடலைக்கும் வைக்கோலுக்கும் நடுவே
அதே சொல்!
முப்பது வருஷம் அதை வைத்தே பிரசங்கித்தவர்.
கேட்டு அழுதவர்கள் உண்டு.
நானும்தான்,
ஃப்ரீ ஸ்டேட் தங்கச் சுரங்கத்திலிருந்து
அப்பாவின் சம்பளம் வராமல் நின்ற வருஷம்.

"பார்த்தது யார்?" என்றாள் மாசெச்சாபா.
அவர் அகராதியைக் காட்டினார்.
அகராதியின் அடிக்குறிப்பு ஓர் உரைநூலைக் காட்டியது.
உரைநூல் இன்னோர் உரைநூலை.
அது சுற்றிவந்து
மறுபடி அகராதியை.
வேலிக்கு ஓணான் சாட்சி,
ஓணானுக்கு வேலி.

அவள் கடல்தாண்டி ஒரு நூலகத்துக்குக் கடிதம் போட்டாள்.
தபால்தலைக்குக் குழுப் பணத்தில் விதியில்லை;
சொந்தக் காசு.

பீச் மரங்கள் பூத்தபிறகு பதில் வந்தது.
பெரிதாக்கிய படம்,
நூலகர் கைப்பட நாலு வரி.
வரிகளைப் பாஸ்டர் படிக்கவில்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
படத்தில் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் போனார்.
இரண்டாம் எழுத்தில் விரல் நின்றது.
வெகுநேரம்.

"எண்ணெய்."

எண்ணெய்தான்.
சில்லறைக் காசுக்கு வாங்கிய எண்ணெய்.
யாரோ அவசரத்தில் கிறுக்கியதை
யாரோ ஆசையில் படித்துவிட்டார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
மாசெச்சாபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ஜெயித்த முகமென்று நினைத்தேன்; இல்லை.
அவளுடைய "நாளைக்கு"ம்
அந்தக் கடையில் அகப்படவில்லையே.

பாஸ்டர் பேனா கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன்.
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்:
இச்சொல்லின் பொருள் உறுதியாகத் தெரியவில்லை.
கீழே தன் பெயரைப் போட்டார்.
பிறகு பெயரை மட்டும் அடித்தார்.

பேனா இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த ஞாயிறு அதே ஜெபம்.
ரொட்டிக்கு முன்னால் வந்ததும்
ஒரு மூச்சு நின்றார்.
கோயில் முழுக்க நின்றது அவரோடு.
பின்வரிசையில் ஒரு பையன் மட்டும்
யாருக்கும் காத்திராமல்
கடன்களை மன்னிக்கும் வரிக்குப் போய்விட்டான்.