ஒரு நடைக்கு இருபது நிமிஷம்

கீழவளவு விலக்கிலிருந்து கிரஷர் வரை
மூன்றரை கிலோமீட்டர் மண்ரோடு.
டிப்பர் கிளம்புவதற்கு முன்னால் நான் போக வேண்டும்,
டேங்க்குக்குப் பின்னால் துளை போட்ட குழாயோடு.
தெளித்தால் தூசி இருபது நிமிஷம் படுத்திருக்கும்,
சித்திரையில் பன்னிரண்டு.
பிறகு எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.
எட்டு வருஷமாக இதுதான் வேலை.

ஒத்தக்கடையில் எனக்கு மாடியில் குடியிருந்த செலின் மேரி
மூன்று பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போய்
செவ்வாயைப் பார்க்கிறவர்.
குழாயில் கண்ணை வைத்து அல்ல,
கம்ப்யூட்டரில், கோடுகளாக.
கோட்டில் ஒன்பதாவது இடத்தில் பள்ளம் விழுந்தால் தூசியாம்,
பன்னிரண்டில் விழுந்தால் பனிக்கட்டியாம்.
இரண்டும் ஒரே காற்றில் கலந்து நிற்கின்றன.
எது எவ்வளவு என்று பிரிப்பதற்குள்
நாலு வருஷம் போய்விட்டது, உதவித்தொகையும்.

மோட்டாரை நிறுத்தச் சொல்லப் போன அன்றுதான்
இதெல்லாம் தெரிந்தது.
"தூசி அடங்க எவ்வளவு நேரமாகும்?"
தொழில் விசாரிப்பாகக் கேட்டேன்.
"பெரிய புழுதி கிளம்பினா மாசக்கணக்கு.
கிரகத்தையே மூடிரும்."
"எத்தனை வண்டி ஓடுது அங்க?"
சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி,
"காத்து மட்டும்தாண்ணே" என்றார்.

தெளிக்க ஆளில்லாத ரோடு.
குளித்துவிட்டுத் தலையைத் துவட்டினேன்,
துண்டில் கிரானைட்.

மார்கழி, விடிய ஐந்தரை.
கண்மாய்ப் பக்கமிருந்து மூடுபனி.
தெளிக்காமலே ரோடு அடங்கிக் கிடந்தது.
வைப்பர் போட்டேன். கண்ணாடி தெளியவில்லை,
சாம்பல் நிறத்தில் சேறு வழிந்தது.
விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்:
ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் ஒரு கல்.

வண்டியை ஓரங்கட்டிப் போன் போட்டேன்.
"அங்கயும் பனி சும்மா உறையாதுல்ல?
பிடிச்சுக்க ஒரு தூசி வேணும்ல?"
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
"ஆமாண்ணே. தூசி மேலதான் உறையும்.
கனம் கூடி இறங்கும்.
ஆனா தரைக்கு வந்து சேராது.
பாதி வழியிலயே பனி ஆவியாப் போயிரும்,
தூசி மட்டும் முன்னைக்குக் கொஞ்சம் கீழ நிக்கும்."

கொஞ்சம் கீழே.
எவ்வளவு என்று கேட்பதற்குள் பின்னால் டிப்பர் ஹாரன்.
டேங்க்கில் பாதி இருந்தது. வால்வைத் திறந்தேன்.

ஏழு மணிக்கு வெயில் வந்தது, ரோடு எழுந்தது.

மாசியில் அவர் பெட்டி கட்டினார்,
அகமதாபாத்தில் ஏதோ வேலை.
சுவரில் ஒட்டியிருந்த படத்தை எனக்கு விட்டுப் போனார்:
செவ்வாயில் சூரியன் மறைகிறது,
சுற்றிலும் நீலமாக.
அங்கே தூசி அவ்வளவு பொடி, அதனாலாம்.

எங்கள் கிரஷருக்கு மேலே அந்த நீலம் வருவதில்லை.
கடைசி நடை முடிந்து தினமும் நின்று பார்க்கிறேன்.
சிவப்புதான்.
இன்னும் அரைக்க வேண்டுமோ என்னவோ.