ஏழு இருக்கைகள்

முகூ தீவுப் படகுக்கு ஒரு சீட்டு.
ஒரே ஒருமுறைதான் அழுத்தினாள் ஹெல்வே.
வந்தவை ஏழு.
"நான் ஒண்டிக்கட்டை" என்று தொலைபேசியில் சிரித்தாள்.
"மீதி ஆறில் தேன்கூடுகளை உட்காரவைக்கட்டுமா?"

ஈவிக்குச் சிரிப்பு வரவில்லை.
தாலினில் டிசம்பர், மூன்றரைக்கே இருட்டு.
அந்தப் பொத்தானைச் செய்தவள் அவள்.
முன்பதிவில் பச்சை, ரத்தில் சிவப்பு,
நாய்க்குத் தனிக்கட்டணம் கேட்கும் பெட்டியில் சாம்பல்:
எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதே பொத்தான்.

அதற்கு ஒன்றும் தெரியாது.
தெரியாமல்தான் வளர்த்திருந்தாள்.
வெளியே படகா, பணமா, நாயா,
அது அதன் கவலை இல்லை.
ஊதுகிற சங்கை ஊதிவிட வேண்டியது,
விடியவைப்பது வேறு யாரோ.

ஊதியது மேலே ஏறும்,
பொத்தானிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து படிவத்துக்கு,
அங்கிருந்து பக்கத்தின் உச்சிக்கு,
கொதிநீரில் குமிழி போல.
உச்சியில் காத்திருப்பான்
கேட்பான்.

பொருத்தமான பெயர்.
அழுத்தியதைக் கேட்பான்,
உடனே சர்வரிடம் இருக்கை கேட்பான்.

இரவு பத்து. மூன்றாவது காப்பி ஆறிப்போயிற்று.
ஈவி தேதியை மாற்றிப் பார்த்தாள்.
பழைய படிவம் போயிற்று, புதியது வந்தது.
மறுபடி மாற்றினாள்.
போனது படிவம் மட்டும்.
அது அமர்த்திய கேட்பான்
உச்சியிலேயே உட்கார்ந்திருந்தான்,
சம்பளம் கொடுத்த வீடு இடிந்தது தெரியாத
காவல்காரன்.

ஹெல்வே ஆறு முறை தேதி மாற்றியிருக்கிறாள்.
செவ்வாய் காற்று, புதன் பனி,
வெள்ளி அலை என்று.
ஏழு படிவம், ஏழு கேட்பான்.
ஒரு விரல் பட்டதும்
ஏழு பேரும் எழுந்து கைதூக்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் ரைவோ ஓரத்தில் எழுதியிருந்தான்:
"வருகிறவனைச் சேர்த்திருக்கிறாய்.
போகும்போது யார் அனுப்புவது?"
அவள் கட்டைவிரல் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தாள்.
அன்று வெயில். எல்லோரும் கடலுக்குப் போகும் அவசரம்.

ஒரே வரி.
படிவம் போகிற இடத்தில்
கேட்பானையும் விடுவிக்கும் வரி.
எழுதினாள். ஏழு முறை தேதி மாற்றினாள்.
அழுத்தினாள்.
ஒன்று.

இனி ரத்துப் பக்கம்.
சிவப்புதான், ஆனாலும் அதே பொத்தான்.
விரல் கொஞ்சம் தயங்கியது.
அழுத்தி, மூச்சைப் பிடித்து எண்ணினாள்.
ஒன்று போயிற்று. இன்னொன்று.
ஐந்தாவதில் ஹெல்வேயின் குறுஞ்செய்தி:

"ஆறாவதை விட்டுவை.
காலிக் கூடு ஒன்று நிஜமாகவே வருகிறது,
மடியில் வைக்க முடியாத கனம்.
ஜன்னலோரம் கிடைக்குமா?"