ஏழு கிலோ

ஏனுங் மாஸ்டர்,
விமானம் நாலரைக்குன்னா
ஒண்ணரைக்கெல்லாம் சித்ராவுல எறங்கீருங்க.
ராவுல அவிநாசி ரோட்டுல ஆரு வரப்போறாங்கன்னு
படுத்துப்போடாதீங்க.
கம்பி ஏத்துன லாரி ஒண்ணு குறுக்கால நின்னாப் போதும்,
நீங்க கருமத்தம்பட்டியில நிப்பீங்க,
அது உங்க தலைக்கு மேல போகும்.

உங்க பையைத் தெறந்து பார்த்தேன். கோவிச்சுக்காதீங்க.
ஜிஎஸ்எம் கட்டரை எதுக்குங்க கைப்பையில வெச்சீங்க?
துணி எடை பார்க்கறதுன்னு உங்களுக்குத் தெரியும்,
திருப்பூருக்கே தெரியும்.
சோதனை பண்றவருக்கு அது
வட்டமா ஒரு டப்பா, உள்ள நாலு பிளேடு.
கத்தரிக்கோலும் அப்படித்தான்,
ஆறாவது விரல்னே வெச்சுக்கங்க,
பெரிய பொட்டிக்குள்ள போடுங்க.
பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அது கையில.
காங்கேயத்து மச்சான் குடுத்த கொப்பரை
எதுலயும் வேண்டாம்.
எண்ணெய்ப் பண்டம், தீப்புடிக்கும்னு எடுத்து வெச்சுருவாங்க.
நானே எடுத்து வெச்சுட்டேன்.
வந்து வாங்கிக்கங்க, பாதி இருக்கும்.

அருணாக்கொடி கத்தும்.
கத்துனா வெக்கப்படாதீங்க,
போன தடவை எனக்குக் கொண்டை ஊசி கத்துச்சு.

பொட்டி கறுப்பு.
அங்க சுத்தி வர்ற பொட்டியெல்லாமே கறுப்பு.
கைப்பிடியில மாம்பழ மஞ்ச ரிப் துண்டு கட்டியிருக்கறேன்,
போன சீசன்ல பையர் மூஞ்சியச் சுளிச்ச கலர்.
எண்ணூறு கிலோ குடோன்ல கெடக்குது,
ஒரு முழத்துக்காச்சும் வேலை வந்துச்சு.

மேல ஏறும்போது காது அடைக்கும்,
டையிங் பட்டறைப் பாய்லர் பக்கம் நின்னாப்பல.
பயப்படாம எச்சில் முழுங்குங்க.
கடலை மிட்டாய் வாங்கித் தந்திருக்கறேன்,
அதை மென்னுக்கிட்டே இருங்க.

ஷார்ஜாவுல மாறோணும், நாலு மணி நேரம்.
பலகையில கேட் நம்பர் மாறிக்கிட்டே இருக்கும்.
புரியலீன்னா கேளுங்க,
மலையாளத்துக்காரரு ஒருத்தராச்சும் பக்கத்துல இருப்பாரு,
பாலக்காட்டு பஸ்ஸுல பேசறாப்பல பேசுங்க.

கடைசியா ஒண்ணு, இதுதான் பெருசு.
பெரிய பொட்டி வராமயும் போகும்.
ஹாம்பர்க்குல நீங்க நிப்பீங்க, பொட்டி எங்கியோ நிக்கும்.
அதனால ஆறு சாம்பிளும் கையோட இருக்கட்டும்.
ஆனா கைப்பை ஏழு கிலோதானுங்க,
அதுக்கு மேல ஒரு பித்தான்கூட ஏறாது.

*

ரெண்டே காலுக்கு போன்.
"அம்மிணி, ஒம்பதே முக்கால் காட்டுதுங்க."
பொறகு சத்தமே இல்லை.

நான் கூப்புட்டேன். எடுக்கலை.
நாலரைக்கு மொட்டை மாடிக்குப் போனேன்,
தெரியாதுன்னு தெரிஞ்சே மானத்தைப் பார்த்தேன்.
இத்தனை புத்தி சொன்னவளுக்கு
வயித்துல ஓவர்லாக் மிஷின் ஓடுது.
ஷார்ஜா நேரம், ஜெர்மனி நேரம்,
காலண்டர் அட்டையில கணக்குப் போட்டுப் போட்டு அழிச்சேன்.
காலையில கம்பெனிக்குப் போய்
ரெண்டு பேர்த்துமேல வள்ளுனு விழுந்தேன்.

மறுநாள் மத்தியானம் போட்டோ ஒண்ணு வந்துச்சு.
ஒல்லிக்குச்சி சென்னியப்பன் மாஸ்டர்
பானையாட்டம் நிக்கறாரு.
கவுண்டர் முன்னாலயே ஆறு சாம்பிளையும்
ஒண்ணுமேல ஒண்ணா மாட்டிக்கிட்டாராம்.
உள்ளார மெல்லிசு, வெளிய கனம்,
எடை வரிசை தப்பாம.
ஏசி குளிரு தெரியவே இல்லீங்க அம்மிணி,
ஷார்ஜா வரைக்கும் ஒரே தூக்கம்கறாரு.

பொட்டி வரலை.
பையர் மேசைக்கு முன்னால நின்னு
ஒவ்வொண்ணாக் கழட்டிக் காட்டியிருக்கறாரு,
அந்தம்மா அஞ்சாவதைத் தொட்டுப் பார்த்துட்டு
இது ஏன் சூடா இருக்குதுன்னு கேட்டுச்சாம்.

ஆர்டர் என்னாச்சுங்க மாஸ்டர்?
"கேக்கலீங்க."
என்ன கேக்கலீங்க?
"உங்க பேச்சே கேக்கலீங்க, காது அடைச்சது அடைச்சதுதான்."
மிட்டாய் மெல்லலையா?

"அது பெரிய பொட்டியில போயிருச்சுங்க."